விழுகிறவன் என்ற ஒரு சொல்

எருசலேம் சந்தையில் ரஹ்மோ அன்தேபி ஒலிவக்காயும் பாலாடைக்கட்டியும் விற்றார். பக்கத்துக் கடை என்னுடையது. துடைப்பமும் கயிறும் விற்றேன். இரண்டு பேருமே சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தார். ஓய்வுநாள் மாலையில் எங்கள் சந்தில் இருந்த ஒற்றை அறை ஜெபக்கூடத்தில் ஒரே மேசையில்தான் உட்காருவோம். மத்தி மீனும் ரொட்டியும் தீர்ந்த பிறகு எல்லோரும் ரஹ்மோவின் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கள் வேதமான தோராவில் அந்த வாரம் வாசித்த பகுதியிலிருந்து யாரும் கவனிக்காத ஒரு சின்னச் சங்கதியை அவர் எடுத்து வைக்க வேண்டும். அது எங்களுக்கு ஒரு பழக்கம்.

"யோசேப்பக் குழியில தள்ளிட்டு அண்ணங்காரங்க என்ன பண்ணாங்க? உக்காந்து ரொட்டி தின்னாங்கன்னு இருக்கு. ஏன் ரொட்டி? பழம் தின்னக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு மேசையைச் சுற்றிப் பார்ப்பார். "காஞ்ச ரொட்டிய மென்னு பாருங்க. உங்க காதுல வேற சத்தம் விழாது. தம்பி அழுறது கேக்கக்கூடாதுன்னுதான்."

சில பேர் தாடியைத் தடவிக்கொள்வார்கள். சில பேர் சிரிப்பார்கள். அவர் மனைவி லூனா மட்டும் பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பாள்: "மோசே மலையில இருந்து ரெண்டு பலகைதான் தூக்கிட்டு வந்தாரு. இவரு அதுக்கு மேல ஒரு வண்டி ஏத்திடுவாரு."

ரஹ்மோ கோபிக்க மாட்டார். தோராவில் வீணான எழுத்து ஒன்றுகூட இல்லை என்று அவர் முழுசாக நம்பினார். அலெப்போவில் கலவரத்தில் கடை எரிந்து, வெறுங்கையோடு எல்லை தாண்டி வந்தவர் அவர். எதுவுமே அர்த்தமில்லாமல் நடப்பதில்லை என்ற அந்த ஒரு நம்பிக்கைதான் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் சந்தின் கடைசி வீட்டில் பஹீயே என்ற விதவை இருந்தாள். மூத்த பிள்ளையின் பெயரால்தான் நாங்கள் தாயைக் கூப்பிடுவோம். ஆகவே அவள் எங்களுக்கு உம் ஸெலிம், ஸெலிமின் அம்மா. அவளுக்கு மூத்தவனும் இளையவனும் அவன் ஒருவன்தான். சுவருக்குச் சாந்து பூசும் வேலை. ஊரின் மேற்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு மாடிக் குடியிருப்பில் பூசிக்கொண்டிருந்தவன், கோடை முடிகிற சமயம், மூன்றாவது மாடி முகப்பிலிருந்து கீழே விழுந்தான். அன்று மாலையே அடக்கம் செய்தோம்.

அந்தக் கட்டடத்தின் ஒப்பந்தக்காரர் ஃபரஜ், எங்கள் ஜெபக்கூடத்து ஆள்தான். ஒழுகும் கூரையை மழைக்கு முன்னால் செப்பனிட்டுத் தருகிறேன் என்று அந்த வருஷம் வாக்குக் கொடுத்திருந்தார்.

துக்க வீட்டில் உம் ஸெலிம் எங்கள் வழக்கப்படி கிழித்த மேலாடையோடு தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவித்த முட்டையும் பருப்புச் சோறும் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் தொடவில்லை. நாலாம் நாள் ஃபரஜ் வந்தார். கதவோரம் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. மாலை ஜெபம் முடிந்ததும் யாரோ, "ரஹ்மோ, மனசுக்கு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அந்த வாரத்துப் பகுதியில் ஒரு வசனம் வருகிறது. புது வீடு கட்டினால் உன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, விழுகிறவன் அதிலிருந்து விழுந்து உன் வீட்டின் மேல் இரத்தப்பழி வராதபடிக்கு என்று. இப்படி ஒரு பொருத்தம் அமைந்ததில் ரஹ்மோவின் கண் மின்னியது. அதை நான் பார்த்தேன்.

"ஒரு சொல்லக் கவனிங்க," என்றார். "ஒருத்தன் விழுந்தான்னு எழுதல. விழுகிறவன் விழுந்தால்னு எழுதியிருக்கு. இன்னும் விழவே இல்லை, அதுக்குள்ள அவனுக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சு? உலகத்தப் படைச்ச அன்னிக்கே அவனுக்கு அப்படின்னு விதிச்சாச்சுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நம்ம ஸெலிமுக்கு நேரம் அப்பவே குறிச்சிருக்கு, உம் ஸெலிம். யாராலயும் தடுத்திருக்க முடியாது."

கதவோரத்தில் ஃபரஜ் நீளமாக மூச்சு விட்டார். வந்ததிலிருந்து தொடாத காப்பிக் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

உம் ஸெலிம் அந்தக் கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரஹ்மோ," என்றாள். குரல் உயரவில்லை. "யாருக்கு ஆறுதல் சொல்ல வந்தீங்க? எனக்கா, அவருக்கா?"

ரஹ்மோ திரும்பிப் பார்த்தார். ஃபரஜ் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எம்புள்ளைக்கு ஸெலிம்னு பேரு வச்சேன். விழுகிறவன்னு நான் பேரு வைக்கல. எந்திரிச்சுப் போங்க."

ரஹ்மோ எழுந்து போனார். நானும் பின்னாலேயே போனேன்.

மறுநாள் கடையில் வாடிக்கைக்காரர்களுக்கு வழக்கம்போல எடை போட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சீக்கிரம் கடையைச் சாத்திவிட்டு, "எங்கூட வர்றியா? அந்தக் கட்டடத்தப் பாக்கணும்" என்றார். பேருந்தில் போனோம். மூன்றாவது மாடி முகப்பு அப்படியே திறந்து கிடந்தது. பலகையும் இல்லை, கம்பியும் இல்லை. ஒரே ஒரு கயிறு குறுக்கே தொங்கியது.

கீழே கை கழுவிக்கொண்டிருந்த ஒரு மேஸ்திரியிடம் கேட்டார். "பலகை கேட்டோம்ங்க," என்றான் அவன். "பண்டிகைக்கு அப்பறம் பாத்துக்கலாம்னு மொதலாளி சொன்னாரு. இந்தக் கயிறுகூட அந்தப் பையன் போனப்பறம் கட்டுனதுதான்."

ரஹ்மோ என்னோடு படியேறி அந்த விளிம்பு வரைக்கும் போனார். கீழே பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

அடுத்த நாள் ஓய்வுநாள். மேசையில் ஃபரஜ் தன் வழக்கமான இடத்தில், தம்பிமார் இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தார். ரஹ்மோ பேச மாட்டார் என்றுதான் நினைத்தோம். பேசினார்.

"அந்த வசனத்த நான் வாலுல இருந்து படிச்சிட்டேன்," என்றார். "தலையில இருந்து படிக்கணும். கைப்பிடி கட்டுன்னுதான் ஆரம்பிக்குது. யார் மாடிக்கு? உன் மாடிக்கு. பழி எங்க வரும்? உன் கையில வரும்னு சொல்லல, உன் வீட்டு மேல வரும்னு சொல்லுது. கைன்னா கழுவிட்டுப் போயிடலாம். வீட்ட என்ன செய்வ? அதுக்குள்ளதான உம்புள்ளைங்க தூங்குது."

ஃபரஜ் எழுந்து நின்றார். "அன்னிக்கு விதின்னு சொன்ன வாய்தான இது? இன்னிக்கு வேற மாதிரி பேசுதா? ஒலிவக்காய் விக்கிறவனுக்கு வேதம் ஒரு கேடா!"

"விழணும்னு அவனுக்கு எழுதியிருந்துச்சோ என்னமோ, அது எனக்குத் தெரியாது, ஃபரஜ். கைப்பிடி கட்டணும்னு உனக்கு எழுதியிருக்கு. அது எனக்கு நல்லாவே படிக்கத் தெரியும்."

ஃபரஜும் தம்பிமாரும் வெளியே போனார்கள். திரும்ப எங்கள் ஜெபக்கூடத்துக்கு அவர்கள் வரவே இல்லை. அந்த மழைக்காலம் முழுக்கக் கூரை ஒழுகியது. மேசை மேல் வாளி வைத்துத்தான் சாப்பிட்டோம். சில பேர் ரஹ்மோவைப் பற்றி முணுமுணுத்தார்கள். லூனா அவர்களைப் பார்த்து, "நனைஞ்சா தொடச்சுக்கோங்க, துடைப்பம் பக்கத்துக் கடையில கெடைக்கும்" என்றாள். ஆனால் ஃபரஜின் அந்தக் கட்டடத்தில், பண்டிகை வருவதற்கு முன்பே, எல்லா முகப்புக்கும் இரும்புக் கம்பி ஏறிவிட்டது. ரஹ்மோ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

பாவநிவாரண நாளுக்கு முன்னால் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். மழைக்கு முன்பே அந்த நாள் நெருங்கியபோது ரஹ்மோ உம் ஸெலிம் வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் கதவைத் திறந்தாள்; உள்ளே கூப்பிடவில்லை.

"நீங்க மேசையில பேசுனது எங்காதுக்கும் வந்துச்சு," என்றாள். "இப்ப மன்னிச்சேன்னு சொன்னா அது வெறும் வாய்ச்சொல்லு. அடுத்த வருஷம் வாங்க."

அந்த ஒரு வருஷமும் வெள்ளிக்கிழமை தவறாமல் ரஹ்மோ புதுக் கட்டடங்களைச் சுற்றினார். கம்பி இல்லாத மாடியைக் கண்டால் மேஸ்திரியோடு சண்டை போடுவார். "மாநகராட்சி ஆளா நீ?" என்று விரட்டுவார்கள். மறுவாரமும் போய் நிற்பார். ஒரு முறை ஒருவன் சாந்துக் கரண்டியை எறிந்ததில் நெற்றி கிழிந்து வந்தார். பல இடங்களில், இவர் தொல்லை தாங்காமலே பலகை அடித்தார்கள்.

வருஷம் திரும்பியது. இந்த முறை என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். உம் ஸெலிம் உள்ளே கூப்பிட்டாள். நாற்காலியைக் காட்டினாள்.

"மோசேயோட அண்ணன் ஆரோனுக்கு ஒரே நாள்ல ரெண்டு புள்ளைங்க செத்தாங்கல்ல?" என்றாள். "அப்ப அவரு என்ன பண்ணாருன்னு எழுதியிருக்கு?"

"ஆரோன் பேசாமல் இருந்தான்னு."

"ஏன் பேசல?"

அந்த வசனத்துக்குப் பெரியவர்கள் சொன்ன விளக்கங்கள் எல்லாமே ரஹ்மோவுக்கு மனப்பாடம். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கைகளை மடியில் வைத்தார்.

"எனக்குத் தெரியல, உம் ஸெலிம்," என்றார்.

அவள் எழுந்து போய் அடுப்பில் காப்பி வைத்தாள். ஏலக்காய் தட்டிப் போட்டாள். கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, தன் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காதது, வேலைவிட்டு வந்தால் கால் கழுவாமலே கட்டிலில் விழுவது, கூடை முடைகிறவர் மகளைப் பார்க்க ஒரு தெரு சுற்றி வீட்டுக்கு வருவது. ரஹ்மோ குறுக்கே எதுவும் பேசவில்லை. "அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.