நோர்வூட்டில் ஒரு குடவோலை

காலை ஆறு மணிக்குக் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறும்போதே எனக்கு வயிற்றெரிச்சல். காரணம் சிவராமன். இலங்கை மலையகத்தில், நோர்வூட் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். போன வருடம் என் ஊரான உத்திரமேரூருக்கு வந்தார். கோயில் மண்டபச் சுவரில் இருக்கும் சோழர் காலக் கல்வெட்டை வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வதுதான் என் வேலை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, எங்கள் ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்தார்கள் என்று முழங்கினேன். அவர் அலட்டிக்கொள்ளாமல், "எங்க பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துலயும் இப்படித்தாங்க ஆள் எடுப்பாங்க" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

றொசல்ல ஸ்டேஷன் தாண்டியதும் இரண்டு பக்கமும் தேயிலை. முற்பகல் பதினொன்றரைக்கு ஹட்டன். அங்கிருந்து நோர்வூட்டுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம், எல்லாம் வளைவு. பிறகு மண்சாலையில் தோட்டம் வரை ஆட்டோ, எழுநூறு ரூபாய். ஓட்டுநர், "திருவிழாவுக்கு வந்தீங்களா?" என்று கேட்டார். சோதிக்க வந்தேன் என்று சொல்ல முடியுமா? தலையை ஆட்டி வைத்தேன்.

மாலை நான்கு மணி. பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டு மாரியம்மன் கோயில் முன் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பித்தளைக் குடம். ஒரு காலத்தில் திருவிழாத் தலைவர் யார் என்று மேல் லயத்து வரிசை வீடுகளுக்கும் கீழ் லயத்து வீடுகளுக்கும் கைகலப்பே நடந்ததாம். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு ஒரு பெயர், துண்டுச் சீட்டில் எழுதிச் சுருட்டிக் குடத்தில்.

"வெளியாளு எடுத்தாத்தான் சண்டை வராது. போன தடவை பஸ் கண்டக்டர் எடுத்தாரு, சிங்களவரு. இந்தத் தடவை நீங்க எடுங்க" என்றார் சிவராமன்.

குடத்துக்குள் கையை விட்டேன். என் ஊரில் கல்சுவரில் படம் எடுக்க மட்டும் இருக்கிற விஷயம், இங்கே ஈரக் கைகளோடு நடக்கிறது. பொறாமைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

என் பக்கத்தில் செல்வராணி. கொழுந்து நிறுப்பவர், கணவர் இல்லை. தன் வீட்டுக்கான சீட்டில் தன் பெயரையே போட்டிருந்தார். இதுவரை ஒரு பெண் பெயரும் வந்ததில்லையாம். சீட்டு என் விரலில் சிக்கியபோது அவர் மூச்சுவிடவில்லை. பிரித்துப் படித்தேன். கீழ் லயத்துப் பெருமாள்.

ஆரவாரம். மேளம். செல்வராணி முகம் வாடியது ஒரு கணம்தான்.

"போச்சு. அடுத்த வருசம் வராமலா போயிரும்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, உங்க ஊர்லயும் அந்தக் காலத்துல குடத்துல பேரு போட்டாங்கன்னு சிவராமன் சொன்னாரு, அங்க யார் பேரு வேணாலும் போடலாங்களா?" என்று கேட்டார்.

கல்வெட்டில் நான் கூட்டத்துக்கு எப்போதும் வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டுகிற வரி அது. "இல்லம்மா. வரி கட்டுற நிலம் வேணும். சொந்த மனையில வீடு வேணும். வேதமும் தெரியணும்."

"லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நிலமும் இல்ல. அப்ப எங்கள்ல ஒருத்தர் பேரும் விழாது" என்று சிரித்தார். "உங்க பேரு?"

"நான் வாடகை வீட்டுல இருக்கேன்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

"அப்படின்னா என் பேரையும் இந்தக் குடத்துல போடுங்க" என்றேன், பாதி விளையாட்டாக. சிவராமன் என் தோளில் தட்டினார். "நீங்க விருந்தாளிங்க. இங்க குடியிருக்கவங்களுக்குத்தான். நானே கடைக்காரன், என் பேரே இதுல இல்லீங்க."

மறுநாள் காலை ஹட்டனில் ரயில் ஏறினேன். வாழ்நாளெல்லாம் என் ஊர் என் ஊர் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஊரின் பழைய குடத்தில் எனக்கும் இடம் இருந்திருக்காது, நிலமில்லாத என் அப்பனுக்கும் இருந்திருக்காது. தோற்றுப்போன செல்வராணியைப் பார்த்துத்தான் இப்போது பொறாமைப்படுகிறேன். அவர் பெயர் குடத்துக்குள் கிடந்தது. என் கைதான் அதை எடுக்கவில்லை.