சாமைக்குள் போன நாலு பாஸ்போர்ட்

நம் கோயில் பஜனைக்கு வரும் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் தான்சானியாவிலிருந்து இதை எழுதுகிறேன். போன ஐப்பசியில் எங்கள் குடும்பம் மறுபடியும் பிரிந்து போக இருந்தது. அதுவும் என் புத்திசாலித்தனத்தால்!

நான் போர்வெல் போடும் லாரியில் வேலை செய்கிறவன். மூன்று வருடம் இங்கே தனியாக இருந்துவிட்டு லீவில் வந்தபோது, சின்ன மகள் யாழினி என்னை யாரோ என்று நினைத்து அழுதாள். அன்றே முடிவு செய்தேன், இனிப் போனால் நாலு பேரும் சேர்ந்துதான். முதலாளியும் சரி என்றார். விசா வந்தது. விமானத்துக்கு இரண்டே நாள்.

நம் மலையில் ஐப்பசி ஈரம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பீரோவில் இருக்கும் காகிதம்கூடப் பூசணம் பிடிக்கும். அதனால் பட்டாவை வைப்பதுபோல, நாலு பாஸ்போர்ட்டையும் துணியில் சுற்றிச் சாமைப் பானைக்குள் புதைத்து வைத்தேன். என் மனைவி செல்வியிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அன்று காலையில் பானைக்குள் கை விட்டேன். காலி!

"செல்வி, சாமை எங்க?"

"ஊட்டைப் பூட்டிட்டுப் போறவங்க தானியத்தை வெச்சுட்டுப் போலாமுங்களா? நேத்தே மூட்டையில கொட்டி அம்மன் கோயில் பொங்கலுக்குக் குடுத்துட்டேன்."

"அதுக்குள்ள பாஸ்போர்ட் இருந்துச்சு!"

"ஏனுங்க, சொல்லாம வெச்சா எனக்குக் கனவுலயா தெரியும்?"

பெரிய மகள் கவிதாவோடு கோயிலுக்கு ஓடினேன்.

"அந்த மூட்டையா? உமி எடுக்க இப்பத்தான் பேளுக்குறிச்சி மில்லுக்குப் போச்சு சாமி" என்றார் பூசாரி.

மில்லுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மிஷினுக்குள் போனால் எல்லாம் தவிடுதான். அம்மன் முன்னால் விழுந்தேன்.

"தாயே, தப்பு என்னுது. புள்ளைங்களை என்கிட்ட இருந்து பிரிச்சிடாதே."

கவிதா என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, அம்மனுக்குக் கேட்டிருக்கும். வண்டியை எடுங்க!"

மலையிறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் "தாயே, தாயே" என்று பின்னால் அவள் குரல்.

மில் வாசலில் ஏழெட்டுப் பேர் மூட்டை மேல் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தார்கள். மில்காரர் கையை விரித்தார்.

"காலையில இருந்து கரண்டு இல்லீங்க. போன்லகூட சார்ஜ் இல்ல. வந்ததும் முதல்ல ஓட்டலாம்னு கோயில் சாமையை மிஷின்ல கொட்டி வெச்சிருக்கேன்."

அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"கரண்டு இல்லைன்னு இப்படிச் சந்தோசப்படுற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்!" என்றார் அவர்.

கவிதா மிஷின் தொட்டிக்குள் தோள் வரை கையை விட்டாள். துணி வந்தது. பிரித்தேன். நாலும் இருந்தன! நாங்கள் வெளியே வந்து வண்டியைக் கிளப்புமுன் மிஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. அங்கேயே மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

முன்பெல்லாம் அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறவன் நான். இப்போது தினமும் நாலு பேரும் சேர்ந்து சாமி கும்பிட உட்காருகிறோம். யாழினி என் மடியில்தான் உட்காருவாள். பாஸ்போர்ட்டுகள் செல்வியின் பொறுப்பில் இருக்கின்றன. எங்கே என்று எனக்குத் தெரியாது!

பிள்ளைகளே, தப்பு நம்முடையதாக இருந்தாலும் பயப்படாமல் தாயிடம் சொல்லுங்கள். கேட்டுவிட்டு, கவிதா மாதிரி உடனே கிளம்புங்கள்.

இங்கேயும் அடிக்கடி கரண்டு போகும். ஃபேன் நின்றதும் மகள்கள் இரண்டு பேரும் கை தட்டுவார்கள்.

"அப்பா, யாருக்கோ பாஸ்போர்ட் கிடைச்சிருச்சு!"