அம்மா இறங்காத மைசூர்

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். இன்றைக்கும் வெளியூர் போகிற நாளில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றுகொண்டு, வந்தது அந்தப் பஸ்தானா என்று நாலு பேரைக் கேட்டு, ஏறி உட்கார்ந்த பிறகு வீட்டில் கேஸை மூடினேனா என்று யோசிப்பேன். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, இத்தனை வருஷமாகக் கமர்ஷியல் தெருப் பக்கம் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று அங்கே சேர்ந்த முதல் நாளே பார்த்து வைத்துவிட்டேன். இந்தப் பயத்தில் பாதி கூடப் பிறந்தது. மீதி, நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மாமா எங்களை மைசூர் டூருக்குக் கூட்டிப்போன ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எங்காவது எழுதியிருந்தால், அது என்ன பொருள் என்றுகூடப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். ஒரு நாள் அவர் கையில் மஞ்சள் நிற நோட்டீஸ் ஒன்று இருந்தது. ஒரே நாளில் ஒன்பது இடம், காலை டிபன், வீடியோ, புஷ்பேக் சீட்.

"இந்தக் காசுக்கு, தோ பக்கத்துல இருக்கற ஆனேக்கல் வரைக்கும் போய் வந்தாலே டீ குடிக்க மிஞ்சாதுக்கா. இவன் மைசூரையே தூக்கிக் குடுக்கறான்!" என்றார்.

அம்மா அப்போது ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் அயர்ன் செக்‌ஷனில் இருந்தாள். காலையில் மேஜை முன்னால் போய் நின்றால், சாயங்காலம் மணி அடிக்கிறவரை சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். போகிற பஸ்ஸிலும் வருகிற பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்தால் அடுப்பு மேடை. ஞாயிற்றுக்கிழமையும் பல வாரம் கம்பெனியில் வரச் சொல்வார்கள். அந்த வாரம் என்ன சொல்லித் தப்பினாளோ, வருகிறேன் என்றாள். அப்பா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் ஆட்டோவுக்கு நல்ல சவாரி கிடைக்கும்.

அல்சூர் ஏரிக்கரையோரம் விடிகிற நேரத்தில் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அம்மா, பக்கத்தில் நான், நடைபாதைக்கு அந்தப் பக்கம் மாமா. ஊரைத் தாண்டியதும் ஆளுக்கொரு இட்லிப் பொட்டலம் கொடுத்தார்கள்.

"அக்கா, கைப்பக்கம் ஒரு கட்டை இருக்குது பாரு. அத்த அமுக்கிகினு சாஞ்சுக்கோ. அதுக்கும் சேத்துதான் காசு வாங்கிகினு இருக்கான்" என்றார் மாமா.

அம்மாவின் கை, நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டியை அழுத்துகிற கை. அதே பலத்தோடு அமுக்கினாள். சீட் ஒரே போக்காகப் பின்னால் போய் விழுந்தது. பின்சீட்டுக்காரர் மடியில் வைத்திருந்த சாம்பார் அவர் வெள்ளைச் சட்டைக்கு ஏறியது.

"ஏன்ரீ அம்மா இது!" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு எழுந்து நின்றார் அவர்.

"மன்னிச்சிக்கோங்க சார். சட்டையக் கழட்டிக் குடுங்க, தொவைச்சி இஸ்திரி போட்டே தந்துடுறேன்" என்று அம்மா உண்மையான அக்கறையோடு கையை நீட்டினாள். அவர் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனவர், அப்புறம் முன்னால் வரவே இல்லை. அதனால் அம்மாவின் பின்சீட் நாள் முழுக்கக் காலியாகிவிட்டது. சீட் உடைந்திருந்தால் யார் தண்டம் கட்டுவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவள் மெதுவாக, இந்தத் தடவை விரல் நுனியால் கட்டையை அமுக்கி, முழுசாகச் சாய்ந்துகொண்டாள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பஸ் நின்றதும் கைடு மைக்கைப் பிடித்தார். ஒல்லியான மனிதர், பெரிய குரல். "பேக பேக, சீக்கிரம்! இருவது நிமிஷம்தான். லேட்டா வந்தா பஸ் நிக்காது, பஸ் யாருக்கும் மாமா கெடையாது!" அப்போதிருந்து நான் நிமிஷங்களை எண்ண ஆரம்பித்தேன்.

எல்லோரும் இறங்கினார்கள். அம்மா இறங்கவில்லை.

"நீங்க போய் வாங்க. சீட்ட எவனாச்சும் புடிச்சிடுவான்."

"நம்பர் போட்ட சீட்டு, அக்கா!"

"நம்பர் படிக்கத் தெரியாதவன் வந்து ஒக்காந்தா?"

மாமா என்னை மட்டும் இழுத்துக்கொண்டு இறங்கினார். அரண்மனையில் அம்மா, செருப்பை வெளியே விட்டால் திருட்டுப் போகும் என்றாள். மிருகக்காட்சி சாலையில், "மிருகம்தானே? கம்பெனில எங்க சூப்பர்வைசரப் பாத்துகினுதான் இருக்கேன்" என்றாள். சாமுண்டி மலையிலாவது இறங்குவாள் என்று நம்பினோம். ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "நான் போய்ப் பாக்கலன்னா இன்னா, அவ என்னப் பாத்துக்குவா" என்று மறுபடி சாய்ந்துகொண்டாள். அன்று முழுக்க அவள் இறங்கியது ஒரே ஒரு தடவை, பெட்ரோல் பங்கில். அதுவும் ஓட்டமாகப் போய் ஓட்டமாக வந்தாள்.

மாமா துடித்துப் போனார். ஒன்பது இடத்துக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றையும் பார்க்காமல் வந்தால் டூர்காரனுக்கல்லவா லாபம்! யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்ப்பது. தன் பங்குக்கு ஒன்று, அக்கா பங்குக்கு ஒன்று. அரண்மனையில் தங்க அம்பாரியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், என் கையை இழுத்துக்கொண்டு மறுபடி வரிசைக்குப் போனார். ஒட்டகச்சிவிங்கி எங்களை இரண்டாம் முறை பார்த்ததும் இலை தின்பதை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் கடைசியாக ஓடி வந்து ஏறுகிறவர்கள் நாங்கள்தான். கைடு கதவருகே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். பஸ் அம்மாவை ஏற்றிக்கொண்டு எங்களை விட்டுவிட்டுப் போய்விடும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

இதற்கு மேல் எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. எங்கள் தெருவுக்கே நாங்கள் மைசூர் போனது தெரியும். நாளைக்குக் குழாயடியில் கேட்பார்களே, அம்மா என்ன சொல்வாள்? வாயைத் திறந்தால் மானம் போய்விடும். அதனால் ஒவ்வொரு இடத்தையும் பார்த்துவிட்டு வந்து அவளுக்குப் பாடம் நடத்தினேன். "அம்மா, அம்பாரி தங்கத்துல. கூரை கலர் கண்ணாடி. எங்க, திருப்பிச் சொல்லு?"

"ம்" என்பாள், கண்ணைத் திறக்காமல்.

கடைசி இடம், அணைக்கட்டுத் தோட்டம். இருட்ட ஆரம்பித்ததும் பாட்டுக்குத் தகுந்தாற்போல் கலர் கலராகத் தண்ணீர் ஆடியது. ஒரு பாட்டு முடிந்தது. கூட்டம் கலைய ஆரம்பித்தது.

"இரு, அடுத்த பாட்டு அக்காவோடது" என்றார் மாமா.

அக்காவின் பாட்டு நீளமான பாட்டு. அது முடிந்து பஸ்கள் நிற்கிற மைதானத்துக்கு ஓடி வந்தால், வரிசை வரிசையாக வெள்ளை பஸ். எல்லாவற்றுக்கும் ஒரே நீலக் கோடு, எல்லாம் எஞ்சினை உறுமிக்கொண்டு. எல்லாவற்றுக்கும் பயந்த நான் பஸ் நம்பரைப் பார்த்து வைக்கவில்லை. மாமா, "கீது, இங்கதான் கீது" என்று சொல்லிக்கொண்டே ஒரு கல்யாணக் கோஷ்டியின் பஸ்ஸில் ஏறப்போய் இறக்கிவிடப்பட்டார். நான் சத்தம் போட்டு அழுதேன். அம்மா இல்லாமல் மைசூரிலேயே வளர்ந்து பெரியவளாகிவிடுவேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு ஜன்னலில் கை ஒன்று தெரிந்தது. பச்சைக் கண்ணாடி வளையல், மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. மற்ற ஜன்னல்களில் எல்லாம் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கை மட்டும் படுத்த வாக்கில் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா!" என்று ஓடினேன்.

கைடு வாசலில் நின்று இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். "அக்கா எறங்கவே மாட்றாங்க, நீங்க ஏறவே மாட்றீங்க! இன்னா குடும்பம்பா இது!"

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் விம்மிக்கொண்டே போய் அம்மாமேல் விழுந்தேன். அவள் பாதிக் கண்ணைத் திறந்து, "வந்துட்டியா" என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, ஊர் வருகிறவரை தூங்கினாள்.

மறுநாள் காலையில் குழாயடியில் நான் பயந்தபடியே நடந்தது. அங்கே தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் எல்லோரும் அம்மாவின் கம்பெனிக்காரர்கள். சிலர் அயர்ன், சிலர் செக்கிங், எல்லாமே நாளெல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலை.

"இன்னாடி, மைசூர் எப்டி இருந்துது?"

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "அது இன்னா சீட்டுன்ற! கைப்பக்கம் ஒரு கட்டை. அமுக்குனா அப்டியே படுத்துக்குது. காலு நீட்டிக்கலாம். தலைக்கு மேல ஒரு ஓட்டை, அதுல நமக்குன்னு தனியா காத்து வருது. எழுந்திருன்னு சொல்ல ஒருத்தன் கெடையாது."

எனக்கு உயிரே போய்விட்டது. "அரண்மனைல தங்க அம்பாரி இருந்துச்சி! கூரை பூரா கலர் கண்ணாடி!" என்று அவசரமாக நடுவில் புகுந்தேன். ஒருத்தியும் என் பக்கம் திரும்பவில்லை.

"நாள் பூராவா?" என்றாள் ஒருத்தி.

"நாள் பூரா."

"முன்சீட்டுல முட்டி இடிக்கலியா?"

"கட்டை எந்தப் பக்கம்டி, சோத்தாங்கைப் பக்கமா?"

அம்மா குழாயடியிலேயே காற்றில் சாய்ந்து காட்டினாள். குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஏழெட்டுப் பேர் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள், அடுத்த டூர் எப்போது என்று. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மஞ்சள் நோட்டீஸை எடுத்து ஒன்பது இடத்தையும் வரிசையாகப் படித்துக் காட்டினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒருத்தி, "அத்த வுடு தம்பி, எத்தினி மணி நேரம் ஒக்காரலாம்?" என்றாள்.

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கும் அவமானமாக இருந்தது. ஒன்றையும் பார்க்காததை மறைக்கத்தான் அம்மா சீட்டைப் பற்றி அப்படி அளந்தாள், அந்த ஏமாந்த பெண்களும் அதை நம்பிவிட்டார்கள் என்று அப்போது நினைத்தேன். அன்று ராத்திரி படுக்கிறபோது, அடுத்த டூரிலாவது எங்கம்மாவை ஒரே ஒரு இடத்தில் இறங்க வைத்துவிடு என்று சாமுண்டியை வேண்டிக்கொண்டேன்.