பிழையில்லாமல் நான் கோத்த ஒப்பந்தம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மயிலாப்பூர் அச்சுக்கூடம் ஒன்றில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தேன். தமிழும் கோப்பேன், இங்கிலீஷும் கோப்பேன். இங்கிலீஷ் தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள். இருபத்தாறு எழுத்தின் முகமும், எது எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் கிடக்கும் என்பதும் தெரியும். பிரதியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவேன். அர்த்தமெல்லாம் படிக்கிறவர்கள் கவலை. எங்களில் எவனுக்கும் அதற்கு மேல் தெரியாது. அதில் ஒரு பெருமை வேறு!

சங்கம் வைப்பது என்று பேசியபோது எல்லோரும் சூரப்புலிகள். விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து யார் என்றதும் ஒருவனுக்கு வயிற்றுவலி, இன்னொருவனுக்குத் தங்கை கல்யாணம். நான் கையில் மை என்று கழுவப் போனேன். சைதாப்பேட்டையிலிருந்து நடந்து வரும் என் கூட்டாளிதான், "இன்னாடா, ஆளாளுக்கு நழுவிக்கினு கீறீங்க? குடு இப்டி" என்று பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான். மறுநாளே முதலாளி அவனை வெளியே தள்ளினார். அப்புறம்தான் எங்களுக்கு ரோஷம் வந்தது. அவனைத் திரும்ப எடுக்கும்வரை எழுத்தைத் தொடுவதில்லை என்று வேலையை நிறுத்தினோம்.

சங்கம் என்றால் தலைவர் வேண்டாமா? ஈயம் படாத கை, இங்கிலீஷ் பேசும் வாய், இவ்வளவுதான் தகுதி. பக்கத்தில் லஸ் வட்டாரத்து வக்கீல் ஒருவர் பெரிய மனசு பண்ணினார். அவரும் முதலாளியும் சபாக் கச்சேரியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி என்பதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டோம். புத்திசாலிகள் அல்லவா!

பதினெட்டாம் நாள் இருவரும் காப்பி குடித்தபடி இங்கிலீஷிலேயே பேசி முடித்தார்கள். வக்கீல் வெளியே வந்து, "எல்லாம் சுமுகமா முடிஞ்சுடுத்து" என்றார். கைதட்டினோம். கூட்டாளி விஷயம் என்ன ஆயிற்று என்று ஒருத்தனும் கேட்கவில்லை. தலைவரைச் சந்தேகப்படலாமா? ஒப்பந்தத்தை அச்சடித்து வாசல் கதவில் ஒட்ட வேண்டுமென்றார்கள். நான்தான் கோப்பேன் என்று முண்டியடித்து வாங்கி, அரை மணியில் கோத்துக் கொடுத்தேன்.

அன்று மாலை வக்கீலின் கோச்சு வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு, மாட வீதி முழுக்க நாங்களே இழுத்தோம். குதிரை பின்னால் ஹாயாக நடந்து வந்தது. எங்கள் கூட்டத்தில் அதற்குத்தான் கொஞ்சம் விவரம் இருந்திருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தி இழுத்தவன் என் கூட்டாளி.

காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தான். "உனக்கு இல்லியாம் நைனா, கதவுல ஒட்டிக்கீது பாரு" என்று காவல்காரர் மறித்தார். ஒட்டியிருந்ததைக் கிழித்துக்கொண்டு அவனையும் அழைத்து வக்கீல் வீட்டுக்கு ஓடினோம்.

"அவனைத் திரும்ப எடுத்துக்கறதில்லேன்னு தெளிவாப் போட்டிருக்கே" என்றார் வக்கீல், நிதானமாக. "அச்சுக் கோத்ததே நீங்கதானே? அப்போ வாயை மூடிண்டு இருந்துட்டு இப்போ வந்து நிக்கறேளே! ஒரு பிழை கிடையாது, பேஷா வந்திருக்கு."

"சங்கத்தைக் கூட்டி உங்களைக் கேள்வி கேப்போம்" என்றேன்.

"கேளுங்கோ. ஆனா கூட்டம் போடற அதிகாரம் தலைவருக்குத்தான். சங்க விதியிலேயே இருக்கு."

அந்த விதிகளையும் இங்கிலீஷில் கோத்தவன் அடியேன்தான். அதிலும் பிழை இருந்திருக்காது.

மற்றவர்கள் வேலைக்கு நேரமாயிற்று என்று நழுவினார்கள். தெருவில் நானும் கூட்டாளியும் நின்றோம். அவன் திட்டியிருந்தால் தேவலை. அந்தத் தாளை என் முன்னால் விரித்துப் பிடித்தான்.

"நீதானே கோத்தே? இதுல என்னை எங்க வச்சிக்கீறே, காட்டு."

விரலை வைத்தேன். மேலே கொண்டுபோனேன், கீழே கொண்டுவந்தேன். அத்தனையும் என் கையால் பொறுக்கி அடுக்கிய எழுத்து. அவன் எந்த வரியில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.