ஏகாம்பரம் குடிக்கவில்லை

கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்கும் நேரம் கொஞ்சம். வந்தவர்களுக்குப் பதில் சொல்லும் நேரம்தான் அதிகம். வெள்ளைக்காரர் ஆட்சியின்போது பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் நான் இருந்தேன். அந்த வேலை பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

தள்ளாடி வந்தவர்

அயனம்பாக்கத்தில் ஏரிப் பாசனத்தில் பயிர் செய்துவந்த ஏகாம்பரத்தை ஒருநாள் காலை அவருடைய மச்சான் தேவராசு மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஆள் இடப்பக்கமாகவே சாய்ந்தார். பேச்சு குழறியது. வாந்தி வேறு. மகளுக்குப் பரிசம் போட நாலு நாள்தான் இருந்தது. இந்த நேரத்தில் குடித்துவிட்டாரே என்று தேவராசு கொதித்துக்கொண்டிருந்தார். நானும் அப்படியே நம்பி, போதை தெளிந்ததும் கூட்டிவரச் சொன்னேன்.

ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மா மட்டும் நகரவில்லை. புருஷனின் வாயை முகர்ந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கள் வாடையே இல்லை. டாக்டரைக் கூப்பிட நான் உள்ளே ஓடும்போது முதுகுக்குப் பின்னால் கன்னியம்மாவின் குரல் கேட்டது: "காலைல கேவுரு கூழுதான் குட்ச்சாரு. அதுல எங்க கீது போதை?"

ரெண்டு மச்சான்

மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். தலைசுற்றலும் தள்ளாட்டமும் அதனால்தான். தொண்டையும் வேலை செய்யவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் அது நுரையீரலுக்குள் போய்விடும். அடைப்பை நீக்க எங்களிடம் மருந்து கிடையாது. மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினோம். பிழைப்பாரா என்று கன்னியம்மா கேட்டதற்கு டாக்டர் மறுபடியும் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

மூன்று நாள் விக்கல் நிற்கவில்லை. நான்காம் நாள் நின்றது. அன்றைக்குத்தான் தேவராசு கட்டிலருகே உட்கார்ந்து, குடிகாரன் என்று ஏசியதற்காக அழுதார். ஏகாம்பரம் கண்ணைச் சுருக்கி அவரையே பார்த்தார். குழறலாக இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது: "அழுவாத மச்சான். ரெண்டு பேரா தெரியிற. ஒருத்தன் அழுதாலே தாங்காது."

சுடாத கை

பரிசம் நின்றுபோனது. குடிகாரர் வீட்டிலா பெண் எடுப்பது என்று விசாரிக்க, குமணன்சாவடியிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் வந்துவிட்டார். ரத்தக்குழாய், அடைப்பு என்று நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை.

இந்த அடைப்பில், ஆள் சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கைக்குச் சூடு தெரியாது என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி அவர் கையில் வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதையே ஏகாம்பரத்தின் வலக்கையில் வைத்தேன். ஏதோ கனமாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான். இடக்கைக்கு மாற்றியதும் சுடுகிறது என்று முனகினார். பெரியவர் பாட்டிலை வாங்கித் தாமே ஒருமுறை ஏகாம்பரத்தின் இரண்டு கையிலும் வைத்துப் பார்த்தார். பிறகு கன்னியம்மா பக்கம் திரும்பினார். "குட்ச்சவனுக்கு ரெண்டு கையும்தான் சுடும். பரிசத்த எப்ப வெச்சிக்கலாம், சம்பந்தியம்மா?"

முதல் வாய்

மூன்றாவது வாரம் டாக்டர் குழாயை எடுத்துவிட்டு, கெட்டியான கஞ்சியை ஒரு கரண்டி வாயில் வைத்தார். நாங்கள் எல்லோரும் ஏகாம்பரத்தின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது. இருமல் இல்லை. கன்னியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர். ஏகாம்பரம் நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டு என்னைத் தேடினார். "கம்பவுண்டரே, இத்தினி நாளும் இதத்தான் ஊத்துனீங்களா? உப்பே இல்லியே."

மகள் கல்யாணத்தில் அவர் கோலூன்றி வந்து பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தபோது, ஒவ்வொரு மடக்கும் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததில், பசியோடு வீடு திரும்பியவர்கள் டாக்டரும் நானும் மட்டும்தான்.