சாவு சொல்லும் துகிரான்

மைக்கின் தலையில் நகத்தால் இரண்டு தட்டு. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு செருமல். தொழுகை நேரமல்லாத நேரத்தில் இந்தச் சத்தம் கேட்டால் ஜாவாவின் கராங்சாரி கிராமத்தில் அரிசி களைகிறவளின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிடும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அடுத்து வரப்போவது துகிரானின் குரல் என்று எல்லாருக்கும் தெரியும். யாருடைய பெயர் என்பதுதான் தெரியாது.

துகிரானுக்குப் பிழைப்பு தெம்பே. சோயாவை வேகவைத்துத் தோல் நீக்கி, வாழையிலையில் மடித்துப் புளிக்கவைத்து, சைக்கிளில் கட்டி விற்கிறார். சாவு சொல்வதற்குக் கூலி கிடையாது. அவருடைய அப்பா சொன்னார், அவருக்குப் பின் இவர் சொல்கிறார், அவ்வளவுதான். மற்ற நேரத்தில் மனிதர் வாயைத் திறந்தால் மாட்டுச்சந்தை. பேரம் பேசும் பெண்களிடம், "அந்த வெலைக்கு எலைதான் வரும், அதை வறுத்துத் தின்னுங்க" என்பார். மைக் முன்னால் மட்டும் ஆளே வேறு. அரண்மனைப் பெரியவர்கள் பேசுகிற உயர்ந்த ஜாவானிய மொழியில், ஒவ்வொரு சொல்லையும் கையில் ஏந்தி வைப்பதுபோல வைப்பார். முதலில் "இன்னா லில்லாஹி". பிறகு இன்னார், இன்னாரின் மகன், இறைவன் திருமுன் அழைக்கப்பட்டுவிட்டார். கேட்கிறவர்களுக்கு, செத்தவனைப் பல்லக்கில் ஏற்றி அனுப்புகிற மாதிரி இருக்கும்.

குழப்பம் வரக்கூடாது என்று சொந்தமாகவும் சில சேர்த்துக்கொள்வார். ஊரில் சுத்ரிஸ்னோ இரண்டு பேர். ஆடு வளர்த்தவர் போனபோது, "வெல்டிங் பட்டறை சுத்ரிஸ்னோ அல்ல, அவர் நலமாக இருக்கிறார்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். பட்டறைக்காரர் மறுநாள் வழிமறித்துப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், நான் நல்லா இருக்கேன்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போடச் சொல்லி உன்னை யாரு கேட்டா? கண்ணு படாதா?"

"நீ போனாலும் இதே மாதிரி தெளிவாச் சொல்றேன், கவலைப்படாதே."

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. அடுத்த வாரமே தெளிவாகச் சொல்லவேண்டி வந்துவிட்டது. அதற்குப் பிறகு மைக்கில் யாரையும் நலமாக இருப்பதாக துகிரான் சொன்னதில்லை.

கொரோனா உச்சத்திலிருந்த அந்த ஜூலை மாதத்தை என்னவென்று சொல்ல. கிளாத்தென் நகரில் ஆஸ்பத்திரி வாசலில் கூடாரம் போட்டு, அதற்குள்ளும் இடமில்லாமல், வந்த வண்டியிலேயே நோயாளியைக் கிடத்தியிருந்தார்கள். காலி சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு பெற்ற பிள்ளைகள் ஊர் ஊராய் அலைந்தார்கள். இத்தனை கோடி ஜனமுள்ள நாட்டில் யாரை யார் பார்ப்பது? ஊர்தான் ஊரைப் பார்த்துக்கொண்டது. காய்ச்சல் கண்ட வீட்டின் மூங்கில் வேலியில், பக்கத்து வீட்டார் முறைவைத்துச் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டு, ஒரு குரல் கொடுத்துவிட்டு விலகிப்போவார்கள். உள்ளே இருப்பவர் வந்து எடுத்துக்கொள்வார். குழி வெட்டுவதும் ஊர்தான். துகிரானின் குரல் கேட்டால் மண்வெட்டியோடு கிளம்பவேண்டும். சில நாட்களில் கழுவி வைத்த மண்வெட்டி காய்வதற்குள் மறுபடி அந்த இரண்டு தட்டு கேட்டது.

வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, "இப்படி விடாமச் சொன்னா படுத்துக் கிடக்கிறவன் பயத்துலயே போயிடுவான். கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்க ஐயா" என்றார்.

துகிரானுக்கு வந்ததே கோபம். "பிளாஸ்டிக்ல சுத்தி மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறீங்க. குளிப்பாட்ட விடல. மொகம் பார்க்க விடல. பேரையாவது நான் ஒழுங்காச் சொல்லி அனுப்புறேன். அதுலயும் கைவைக்க வந்துட்டீங்களா?"

வந்தவர் வந்த வழியே போய்விட்டார். துகிரான் நிறுத்தவில்லை.

சமிஜோ இறந்தபோதுதான் அவருக்கு நாக்கு கட்டிக்கொண்டது. சமிஜோ எதிர்வீட்டுக்காரர், வாத்து வளர்ப்பவர், துகிரானோடு ஒன்றாய்ச் சுருட்டுப் பிடித்தவர். ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் மனைவி பர்தினாவுக்கும் அதே நோய். கட்டில் கிடைக்காமல் வீட்டிலேயே தனியாகப் படுத்திருந்தாள். பெக்காசி நகரத்தில் இருக்கும் மகன் பங்கித் போன் செய்தான். அழுதுகொண்டே பேசினான்.

"அப்பா போயிட்டாருங்க. தயவுசெஞ்சு ஸ்பீக்கர்ல சொல்லிடாதீங்க. அம்மா படுத்திருக்கிற ஜன்னலுக்கு நேரா இருக்கு அந்தக் கொழாய். இந்த ஒருத்தருக்கு மட்டும் சொல்லாதீங்க."

கிராமத்து நர்ஸ் எண்டாங்கும் அதையே சொன்னாள். "மூச்சு இப்பத்தான் கொஞ்சம் தேறி வருது. இப்ப மனசு விட்டுப்போச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. அவங்க எழுந்து உட்காரட்டும், அப்புறம் நானே பக்குவமாச் சொல்றேன்."

துகிரான் பள்ளிவாசலுக்குப் போய் மைக் முன்னால் உட்கார்ந்தார். சுவிட்சைப் போடவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து வெளியே வந்தார். முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போனார். எட்டி நின்று, அதே உயர்ந்த மொழியில், ஆனால் காதோடு சொல்கிற மாதிரி, சமிஜோவின் பெயரைச் சொன்னார். சொல்லி முடித்ததும் தன் சொந்த மொழிக்கு வந்துவிடுவார். "பர்தினா அக்கா காதுக்குப் போகக் கூடாது. எவனாவது வாயைத் தொறந்தீங்க, அப்புறம் இருக்கு." சாயங்காலம் ஆட்கள் சத்தமில்லாமல் குழி வெட்டினார்கள். ஆஸ்பத்திரி வண்டி சைரன் போடாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு இடுகாட்டுக்கு வந்து போனது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை என்று பிறகு பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

யாரும் வாயைத் திறக்கவில்லை என்பது சத்தியம்.

மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு, பொழுது நன்றாக விடிந்த பிறகு துகிரான் வீட்டுக்குத் திரும்பினார். பர்தினாவின் வேலியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பைகள் தொங்கின. எதிலும் சமைத்த சாப்பாடு இல்லை. சர்க்கரைப் பொட்டலம், தேயிலைப் பொட்டலம், பச்சரிசி. சாவு விழுந்த வீட்டுக்குப் பெண்கள் கொண்டுபோகிற பொருள்கள். ஊர்க்காரர்கள் ரகசியத்தை எல்லாம் காப்பாற்றத்தான் செய்தார்கள். ஆனால் துக்க வீட்டுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் இருக்க ஒருத்திக்கும் மனசு வரவில்லை. விடியுமுன்னே வந்து, சத்தம் காட்டாமல் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாழாய்ப்போன மரியாதை.

கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். முதல் பையைக் கழற்றினார். இரண்டாவதைக் கழற்றினார். இரண்டு கையும் நிறைந்து, மிச்சத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் திறந்தது.

பர்தினா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படுத்த நாளிலிருந்து அவள் எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை.

"துகிரான், என் வேலியில என்னப்பா பண்றே?"

"ஒண்ணுமில்லக்கா. சாப்பாட்டுப் பை. பூனை இழுத்திடும்னு..."

"சாப்பாடா." அவள் மூச்சு வாங்கினாள். "எத்தனை வீட்டுக்கு நான் சர்க்கரையும் தேயிலையும் தூக்கிட்டுப் போயிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

துகிரான் கையிலிருந்த பைகளைப் பார்த்தார்.

"நேத்து நீ ஒண்ணுமே சொல்லல. இன்னைக்கு ஊர்ல யாரும் போகலபோல, புண்ணியம்னு நினைச்சு நிம்மதியாத் தூங்கினேன்." கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. "அவராப்பா?"

துகிரான் வாயைத் திறந்தார். செருமினார். ஊரில் அத்தனை பேரையும் அனுப்பிவைத்த குரல் தொண்டையைத் தாண்டி வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். முழங்கையில் மாட்டியிருந்த பைகளை ஒவ்வொன்றாய் எடுத்து, எடுத்த இடத்திலேயே, திரும்ப வேலியில் மாட்டத் தொடங்கினார்.