தலைவரின் சாயலில் ஒரு முகமூடி

எங்கள் நீளவீட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே கூரை, ஒரே கூடம், ஒரே தலைவர். தலைவர் பெயர் உங்காட். ஊரே கூடி மரம் தூக்கும் நாளில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். மரம் வந்து சேர்ந்ததும் அதன்மேல் ஏறி நின்று பேசுகிற அளவுக்கு மட்டும் விட்டுவிடும்.

அவருடைய பன்றிகள் ஒரு நாள் சங்காவ் என்பவனின் தோட்டத்தில் புகுந்து, காய்க்கிற மிளகுக்கொடிகளை வேரோடு கிளறிப்போட்டன. வழக்கு கூடத்தில் நடந்தது. விசாரித்தவர் உங்காட். பன்றிகள் தரப்பில் வாதாடியவரும் அவரே.

"பன்னிங்க பாட்டுக்கு நடந்து போயிருக்கு. அதுங்க போற வழியில நீ எதுக்குப்பா மிளகு நட்டே?"

சங்காவ் வாயில்லாப் பூச்சி. வெற்றிலையை மென்றபடி எழுந்து போய்விட்டான். ஆனால் அவன் கை முகமூடி செதுக்கும் கை. அறுவடைத் திருவிழாவில் முகமூடியும் கிழிந்த சாக்குமாக அவன் தடியூன்றி நொண்டி வந்தால், அடம்பிடிக்கிற பிள்ளைகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளியும். ஒவ்வொரு வருஷமும் ஒரு புது அவலட்சணம். அந்த வருஷம் அவன் கற்பனைக்கு வேலையே வைக்கவில்லை. தலைவரின் தொங்கிய தாடை, வானம் பார்த்த மூக்கு, நெற்றி மரு எல்லாவற்றையும் உள்ளபடியே செதுக்கினான்.

திருவிழாவில் ஒரு பிள்ளைகூட ஓடவில்லை.

"தலைவர் தாத்தா, இடுப்பு வலி தேவலையா?" என்று ஒரு வாண்டு மரியாதையாக விசாரித்தது.

பெரியவர்கள் கள்ளுக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். உங்காட் எழுந்து வந்து முகமூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சாக்குக்குள் சங்காவ், மாதக்கணக்கில் சேர்த்துவைத்த பதிலோடு தயாராக நின்றான்.

தலைவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "மேலாத்து வீட்டுத் தலைவனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கியேடா. அந்தத் திமிரு பிடிச்ச மூக்கைப் பாரு."

"நான் தெனமும் பாக்குற மூஞ்சியாட்டம்ல இருக்கு," என்றாள் அவர் மனைவி லிம்பாய்.

"அவனை நீ எங்கடி தெனமும் பாத்தே?"

அந்த வாரமே உங்காட் முகமூடியைப் படகில் ஏற்றிக்கொண்டு, மேலாற்றில் இருக்கும் அந்த நீளவீட்டுக்குப் போனார். அந்தத் தலைவருக்கு முன்னாலேயே அதை மாட்டிக்கொண்டு ஆடினாராம். அங்கே எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம், அந்தத் தலைவர் உட்பட.

"தன் மூஞ்சியே தனக்கு அடையாளம் தெரியல, பாவம்," என்று எங்களிடம் வந்து இரக்கப்பட்டார்.

அன்றிலிருந்து சங்காவ் அவருக்கு உயிர் நண்பன். பொழுது சாய்ந்தால் அவன் அறைக்கு வந்து, அவன் கள்ளைக் குடித்து, தன் பன்றிகளின் அறிவைப் பற்றி அவனிடமே பேசுவார். பொறுக்கமாட்டாமல் சங்காவ் ஒரு நாள் வாயைத் திறந்தான்.

"தலைவரே, அது மேலாத்துக்காரர் இல்ல."

தலைவர் கண்ணடித்தார். "கேக்குறவங்ககிட்டயெல்லாம் அப்படியே சொல்லுடா. எதுக்கு வம்பு?"

போன வருஷம் சங்காவ் சிபு டவுனில் இருக்கும் மகள் வீட்டுக்கே குடிபோய்விட்டான். முழங்கால் வலிக்கு டவுன் ஆஸ்பத்திரிதான் சரிப்படும் என்றான். அதே காலால் படகுக்கு ஓடியதை எல்லாரும் பார்த்தோம். தலைவர் துறையில் நின்று வழியனுப்பிப் பேசினார். படகு வளைவு திரும்பி மறைந்த பிறகும் நாங்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.